அப்பாவின் நெற்றி

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் இரண்டு வழிபாடுகளும் நடந்தன. அம்மா விடிந்ததும் குளித்து, சமையலறை அலமாரியில் இருந்த முருகன் படத்துக்கு விளக்கேற்றி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொள்வாள். அப்பா முன்னறையில் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு, சைக்கிளில் ஃபேக்டரிக்குப் போவார். இதைப் பற்றி அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா ஞானஸ்நானம் எடுத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவரோடு ஜெபக்கூட்டங்களுக்குப் போய்வந்தார், குடியை விட்டார், பிறகு ஒருநாள் தண்ணீரில் முழுகி எழுந்தார். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குச் சேதி போனதும் சொந்தக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். தாத்தா செத்தபோது பெரியப்பா அப்பாவைப் பந்தலுக்குள்ளேயே விடவில்லை. எதிர்ச்சாரியில் வெயிலில் நின்று பாடை போவதைப் பார்த்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கரையான்சாவடியிலிருந்து சபைக்கு வரும் ஆட்டோக்காரர்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்.

"அண்ணாத்தே, நீ ஒண்ணியும் கவலப்படாத. நம்ம ஆண்டவர் கீறாரு. பொழச்சு வந்து நீதான் சபையில சாட்சி சொல்லப்போற" என்பார்.

அப்பா சிரித்துத் தலையாட்டுவார். ஆனால் ஒரு மத்தியானம், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்து நிறுத்தினார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"ஜெபம் பண்ணினா வார்த்தை வரமாட்டேங்கு, தாயி. பயமா இருக்கு."

அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு அது கேட்டிருக்கிறது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவின் தலைமாட்டிலிருந்த வேதபுத்தகத்தை எடுத்தாள். அதுவரை தூசி தட்ட மட்டுமே அவள் அதைத் தொட்டிருந்தாள்.

"எங்கிட்டு வாசிக்கணும், சொல்லுங்க."

அன்றிலிருந்து தினமும் வாசித்தாள். பழைய தமிழில் தடுக்கி விழுவாள். "இதென்ன, உங்க சாமி இம்புட்டுக் கோவப்படுதாரு!" என்று நடுவில் நிறுத்திக் கேட்பாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகிவிடும். இருமல் அடங்கியதும், வாசி என்று கையைக் காட்டுவார்.

அப்பாவின் கடைசி நாட்கள் என்று எங்களுக்கே தெரிந்துவிட்ட சமயத்தில்தான் பெரியப்பா வந்தார். பந்தலுக்குள் விடாத அதே பெரியப்பா. தம்பி கட்டிலில் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே தோளிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, இடுப்பிலிருந்து குலசாமி கோயில் விபூதிப் பொட்டலத்தை எடுத்தார்.

"ஏல, ஒரு கீத்து பூசிக்கோ. போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். ஊருக்குக் கொண்டுபோயி நம்ம அய்யாவப் பொதச்ச எடத்துக்குப் பக்கத்துல வைக்கேன். இல்லேன்னா நம்ம ஆளுக ஒருத்தனும் வரமாட்டான். அநாதையாவா போவே?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீ வந்ததே போதும். ஆண்டவர விட்டுட்டு என்னால வர முடியாது."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. "சாவப்போற நேரத்திலயும் என்னல வீம்பு?" என்று பொட்டலத்தைப் பிரித்து, விரலில் விபூதியை எடுத்துக்கொண்டு குனிந்தார். தடுக்க அப்பாவுக்குத் தெம்பில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப மட்டும் முடிந்தது.

அம்மா நடுவில் வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

"அவுகளுக்கு வேண்டாம். பூசணும்னா எனக்குப் பூசுங்க. நான் கும்பிடுதேன்."

பெரியப்பா விரலை நீட்டியபடியே நின்றார். பிறகு அம்மாவின் நெற்றியில் பூசிவிட்டு, கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதும் துணி மாற்றுவதும் அவர் வேலையாயிற்று. அம்மா வாசிக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த வாரமே அப்பா போனார். ஊரிலிருந்து யாரும் வரவில்லை. சபைக்காரர்களும் ஃபேக்டரிக்காரர்களும் பெட்டியைத் தூக்கினார்கள். ஆட்டோக்காரர் முன்னால் நின்ற தன் இடத்தைப் பெரியப்பாவுக்கு விட்டுக்கொடுத்தார். "நீ புடி பெர்சு, உன் தம்பிதானே" என்றார். குழிக்குள் முதல் பிடி மண் போட்டதும் பெரியப்பாதான்.

பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருநின்றவூரில் வாடகைக்கு வீடு பிடித்தோம். இனி அம்மாவும் முழுக்கு எடுப்பாள் என்று சபையில் எதிர்பார்த்தார்கள். போதகர் வந்து பக்குவமாகக் கேட்டார்.

"அது அவுக உசுரக் குடுத்துப் பிடிச்சது, அய்யா. எனக்கு அப்பிடி வந்தா நானே வாரேன்" என்றாள் அம்மா.

போதகர் வற்புறுத்தவில்லை. அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அவளுக்காக ஒரு ஜெபம் செய்தார். அம்மா கைகட்டி நின்று கேட்டாள்.