தலைக்கு மேலே தாண்டிப் போன மாமா

தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கும்போது தில்லியிலிருந்து மாமாவின் தந்தி வந்தது. லீவு இப்போதுதான் கிடைத்ததாம், ஏரோப்ளேனில் வருகிறாராம். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி, பட்டாளத்து ஆபீசில் கிளார்க்கு. எங்க ஜனத்தில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண் மணையில் உட்காருவாள். ரயிலை நம்பினால் முகூர்த்தம் தப்பிவிடும்.

நைனாவுக்கு எதையும் அளந்து பார்த்தாக வேண்டும். பள்ளிக்கூடத்து இந்தியா படத்தை வாங்கிவந்து கூடத்தில் விரித்தார். ஆந்திரா தனி ராஜ்ஜியமான புதுசு. வாத்தியார் பென்சிலால் போட்ட எல்லைக்கோடு எங்க பக்கம் வந்ததும் நாலு தடவை அழிக்கப்பட்டு அழுக்காகக் கிடந்தது. நைனா தில்லிக்கும் மெட்ராசுக்கும் நூல் பிடித்தார்.

“ஆயிரம் மைலுக்கு மேல கீது. ராத்திரி ஏறினா விடியறப்ப மெட்ராஸ்.”

“நடுவுல நாக்பூர்ல எறங்கி வேற ப்ளேன் மாறணுமாம் நைனா.”

“ஆகாசத்துல என்னாடா ஜங்ஷன்?”

அதற்குள் இன்னொன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது. நூல் எங்க ஊரை உரசிக்கொண்டு போயிருந்தது.

“பாருடி! உன் தம்பி நம்ம தலைக்கு மேலயே பறந்துபோயி மெட்ராஸ்ல எறங்கி, அப்பால திரும்பி வருவானாம். போறப்பவே எறங்கினா என்னா? களத்துமேட்டுல எவ்ளோ எடம் கீது!”

“எறங்குவான், எறங்குவான். அங்க நெல்லு காயுது,” என்றாள் அம்மா.

கல்யாணம் நாராயணவனம் கோயிலில். பத்தரைக்குள் தாலி ஏறணும். மூணு மைல் தள்ளி, புத்தூர் ஸ்டேஷனில் நான் சைக்கிளோடு நின்றேன். ஒன்பதுக்கு வரவேண்டிய மெட்ராஸ் வண்டி, பத்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆடி அசைந்து வந்தது. கோட்டும் டையுமாக இறங்கினார் மாமா.

“ஜட்கா எங்கடா?”

“எல்லாம் கல்யாணத்துக்கே போயிடுச்சி. கேரியர்ல ஏறு மாமா.”

மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து அவர், “தில்லியிலேர்ந்து வந்தேன், ஒரு வலி இல்ல. இந்த மூணு மைல்ல இடுப்பு போச்சுடா!” என்றார்.

“எறங்கித் தள்ளு மாமா, இடுப்பு தானா வரும்.”

தள்ளினார். கோட்டோடு ஓடியே தள்ளினார்.

கோயிலில் அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் கேலியை ஆரம்பித்துவிட்டார்களாம். “உங்க தம்பி இன்னும் மேகத்துலதான் கீறாரா?” என்று சம்மந்தியம்மா கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஐயர் அவசரப்படுத்த, பங்காளி ஒருத்தர் நானே கட்டுகிறேன் என்று கை நீட்டியிருக்கிறார். அம்மா பட்டத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, “என் தம்பி வருவான்” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். தங்கச்சி மணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மணி பத்தேகால். அம்மா மாமாவை ஏற இறங்கப் பார்த்தாள். முகமெல்லாம் புழுதி, டை முதுகுப் பக்கம் தொங்கியது.

“நல்லா வந்தடா. கட்டு.”

மாமா பட்டத்தை வாங்கிக் கட்டப் போனார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. மூன்றாவது தரம் அம்மாவே பின்னால் போய் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். பட்டம் சற்றுக் கோணலாகத்தான் நின்றது. தங்கச்சி அதைச் சரிசெய்ய விடாமல் அப்படியே போய் மணையில் உட்கார்ந்தாள்.