செய்துங்கநல்லூர் என்ற குதிரை

யூனிஸும் நானும் ஆழ்வார்திருநகரியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் கணக்கு, நான் தமிழ். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அதிகம் பேசமாட்டாள். பையன்கள் தப்பாகப் போட்ட கணக்கைக்கூட அடிக்கமாட்டாள். எந்த வரியில் வழி தவறினானோ அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி மட்டும் வைப்பாள். மிச்சத்தை அவனே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். இரண்டு மாதம் பாதிச் சம்பளம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. யூனிஸ் வீட்டோடு இருந்தாள். மாமியார், புருஷன் ஜாபேஸ், பெங்களூரிலிருந்து வந்து வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்த கொழுந்தன் ஜெனோ, இவ்வளவு பேர் வீட்டில். ஜாபேஸுக்கு உரக்கடையில் வேலை. விவசாயத்துக்கான கடை என்பதால் அது மட்டும் மூடவில்லை.

குதிரையைக் கொண்டுவந்தது ஜெனோதான். லேப்டாப்பில் ஒரு பந்தய விளையாட்டு. அதில் ஓடும் குதிரைகளைக் கம்ப்யூட்டரில் மட்டும் புழங்கும் கிரிப்டோ நாணயம் கொடுத்து வாங்க வேண்டும். ஜெயித்தால் பரிசும் அதே நாணயத்தில் வரும். வெறும் படம்தான். ஆனால் ஒவ்வொரு குதிரைக்கும் அப்பன் யார், அம்மை யார், எந்தப் பந்தயத்தில் எத்தனையாவது வந்தது, இப்போது யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் பிளாக்செயின் என்ற பதிவேட்டில் ஏறிவிடும். அதன் நகல் உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்களில் இருப்பதால் ஒருத்தர் இஷ்டத்துக்குத் திருத்த முடியாது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாங்கியவர் குதிரையை ஓட்டுவதில்லை. எந்தப் பந்தயத்தில் இறக்குவது என்று முடிவு செய்வதுதான் அவர் வேலை. குதிரைக்குள் என்ன வலு இருக்கிறது என்று விளையாட்டு சொல்லாது. ஓடவிட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெனோ மூன்று குதிரை வாங்கியிருந்தான். மூன்றும் தோற்றுக்கொண்டே இருந்தன. ஒரு நாள் சாயங்காலம் அவனுக்குச் சாயா கொண்டுபோன யூனிஸ், தம்ளரை வைத்துவிட்டு அப்படியே நின்று பார்த்திருக்கிறாள்.

"ஜெனோ, இந்தச் செவலை கடைசியிலதான வேகம் எடுக்குது. அத ஏன் குட்டி ஓட்டத்துலயே விடுத? அது எந்திரிக்கதுக்குள்ள பந்தயம் முடிஞ்சு போவுதுலா."

"குதிரையப் பத்தி உங்களுக்கு என்ன மைனி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. பாத்ததச் சொல்லுதேன்."

அவன் விளையாட்டாக அதை நீள ஓட்டத்தில் இறக்கினான். முதலாவதாக வந்தது. மறுநாளும் வந்தது. ஒரு மாதத்தில் ஜெனோவுக்கு அலுத்துப்போனது. "மைனி, நீங்களே வச்சுக்கோங்க" என்று மூன்றையும் அவள் போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு யூனிஸ் அதில் இறங்கியதை நான் போனில்தான் கேட்டேன். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கட்டம். எந்தத் தூரம், எத்தனையாவது நின்றது, எங்கே முந்தியது, எங்கே தளர்ந்தது. ஜெயித்த காசில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினாள். வேறொருத்தரின் ஆண் குதிரையை வாடகைக்குப் பேசிச் சேர்த்தால் குட்டி பிறக்கும். குட்டிகளுக்கு நாங்கள் போகிற திருச்செந்தூர் பஸ் தடத்து ஊர்களின் பெயரை வைத்தாள். கருங்குளம், தென்திருப்பேரை, குரும்பூர். விளையாடுகிறவர்களுக்கு என்று ஒரு பேச்சுக் குழு இருந்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் அதில் வந்து இவளிடம் யோசனை கேட்டார்கள். எல்லோரும் "சார்" என்றார்கள். இவள் திருத்தவில்லை.

வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "ஏளா, வேதத்தக் கையில எடுத்து எத்தன நாளாச்சு? சூதாட்டத்துக்குத்தான் ஒன்னப் படிக்க வச்சாங்களா?" என்றார் மாமியார். ஜாபேஸ் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி இப்ப குதிர மேய்க்கா, தெரியும்லா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அரளிப் பூச்சிக்கு மருந்து வாங்கப் போயிருந்த நானும் ஒரு நாள் அங்கே நின்று சிரித்தவள்தான்.

செய்துங்கநல்லூர் அந்த வருடம் பிறந்தது. கருப்புப் பெட்டை. அதன் அம்மை யாரும் சீண்டாத மலிவுக் குதிரை. அப்பனை மூன்று வாரம் தேடி, அதன் பழைய பந்தயங்களை ஒன்றுவிடாமல் எழுதிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். முதல் ஏழு பந்தயத்தில் அது நாலாவதுக்கு மேல் வரவில்லை. அவள் அசரவில்லை. எட்டாவதில் தூரத்தைக் கூட்டினாள். அங்கிருந்து அது நிற்கவில்லை. ஒரு பெரிய போட்டியில் இறுதிச் சுற்று வரை போய், கடைசி நேரத்தில் மூன்று குதிரைகளைத் தாண்டி ஜெயித்தது. நேரடி வர்ணனை செய்த வெள்ளைக்காரன் பெயரைச் சொல்ல முடியாமல் திணறினான்.

அன்று எனக்குப் போன் செய்தாள். "டீச்சர், நம்ம செய்துங்கநல்லூர ஒலகமே தப்புத் தப்பாச் சொல்லுது டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆறு வருடப் பழக்கத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

குதிரைக்கு விலை கேட்டு ஆட்கள் வந்தார்கள். யூனிஸ் விற்பதாக இல்லை. அதன் வழியில் இன்னும் இரண்டு தலைமுறை பார்க்க வேண்டும் என்றாள். அதுவரை கேலி பேசிய ஜாபேஸ் இப்போது பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கினான். அவளுக்கு பான் கார்டு இல்லாததால் ஜெயித்த காசெல்லாம் ஏற்கெனவே அவன் பேங்க் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் குதிரைகள் அவள் போனில் இருந்தன. அவற்றை எடுக்கப் பன்னிரண்டு ரகசியச் சொற்கள் வேண்டும். அவை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. மூன்றாம் நாள் ஜாபேஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"யூனிஸு, ஒனக்கு ஒண்ணும் ஆவாது. இருந்தாலும் கேக்கேன். நாளைக்கு ஒண்ணுன்னா அந்தக் குதிரையெல்லாம் யாருக்கும் இல்லாமப் போயிரும்லா? அந்தச் சொல்ல மட்டும் சொல்லு. எழுதி வச்சுக்கிடுதேன்."

அவன் அப்படிக் கையைப் பிடித்து நாளாகியிருந்தது. பன்னிரண்டையும் சொன்னாள்.

பிழைத்து வந்தாள். வந்த இரண்டாம் வாரம், காலையில் வீட்டுக்கு டியூஷன் வரும் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுப் போனைத் திறந்தால் லாயம் காலி. பதினோரு குதிரையில் ஒன்றுகூட இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தாள். ஜாபேஸுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, எல்லாம் போச்சு. யாரோ உள்ள புகுந்து எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

"ஏட்டி, கத்தாத. கடையில ஆள் நிக்காங்க. ஒருத்தனும் எடுக்கல. நாந்தான் வித்தேன்."

"வித்தீங்களா? எங்கிட்டக் கேக்காமயா?"

"கேட்டா குடுத்துருப்பியா? நல்ல வெல வந்துது, வித்தேன். எம் பேருலதான காசு வருது. பைய வீட்டுக்கு வந்து பேசுதேன், வையி."

வீட்டுக்கு வந்தும் அவன் பேசவில்லை.

அந்தப் பணத்தில் மாடி எழும்பியது. மனை மாமியார் பேரில் இருந்ததால் மாடியும் அவர் பேரில்தான். மேலே ஒரு அறையை டியூஷனுக்குக் கேட்டாள். வாடகைக்கு விட்டால் நிலையாக வரும் என்று பொதுப்பணித் துறை ஊழியர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டு ஜெபத்தில் சபைப் போதகரான ஐயர் ஜாபேஸின் உழைப்பை ஆண்டவர் ஆசீர்வதித்ததாகச் சொன்னார். யூனிஸ் எல்லோருக்கும் கேக் வைத்துக்கொண்டிருந்தாள். நான் தட்டு வாங்கும்போது முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அவளை அரித்தது மாடி அல்ல. குதிரையின் பந்தயங்கள் எல்லோரும் பார்க்கும்படிதானே பதிவாகின்றன? செய்துங்கநல்லூரை வாங்கியவன் அதைக் குட்டி ஓட்டங்களில் விட்டுக்கொண்டிருந்தான். ஒன்பதாவது, பதினோராவது, கடைசி. பொறுக்க முடியாமல் அவனுக்கு எழுதினாள். இந்தக் குதிரையை வளர்த்தது நான்தான், நீள ஓட்டத்தில் விடுங்கள், முதல் பாதியில் பின்தங்கினால் பயப்படாதீர்கள் என்று. "என் குதிரையை எப்படி ஓடவிடுவது என்று எனக்குத் தெரியும். நீங்கள் யார்?" என்று பதில் வந்தது. அவள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. இருந்ததெல்லாம் எண்ணும் எழுத்துமான ஒரு முகவரிதான். அந்த முகவரியிலிருந்து பேசி விற்றவன் ஜாபேஸ்.

அடுத்த வருடம் கிரிப்டோ நாணயங்களின் விலை சரிந்தது. குதிரைகளை வாங்க ஆளில்லை. பிறகு ஒரு நாள் விளையாட்டையே மூடிவிட்டார்கள். மறுபடி சில குதிரைகள் வாங்கி வைத்திருந்த ஜெனோ கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது, "அண்ணன் தெளிவான ஆளு மைனி. நீங்க வச்சிருந்தா நாமம்தான்" என்றான். மாமியார் சபையில் எல்லோரிடமும் சொன்னார். தெருவில் அது கதையாகிவிட்டது. புத்தி கெட்ட பொண்டாட்டியை ஜாபேஸ் நேரம் பார்த்துக் காப்பாற்றிய கதை.

நானும் அதைத்தான் கேட்டேன். பள்ளி திறந்து மறுபடி பஸ்ஸில் போகத் தொடங்கியிருந்தோம். "யூனிஸ், நீ வித்திருப்பியா?"

"வித்திருக்க மாட்டேன் டீச்சர்."

"அப்போ எல்லாம் போயிருக்கும்லா?"

"போயிருக்கும். நாந்தான தோத்துருப்பேன்? அதுக்குக்கூட எனக்கு விதியில்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜாபேஸுக்கு அந்த ஒரு விற்பனையில் தன்னைப் பற்றி ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. போனில் பங்குச் சந்தை விளையாடத் தொடங்கினான். உரக்கடையில் நின்றபடியே வாங்குவான், விற்பான். கையிருப்புத் தீர்ந்ததும் அம்மையிடம் கையெழுத்து வாங்கி வீட்டின் மேல் கடன் எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் போனை அவளிடம் நீட்டினான்.

"இதக் கொஞ்சம் பாரேன். ஒனக்குத்தான் கணக்கு வரும்லா."

அவள் பார்த்தாள். இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. எந்த இடத்தில் வழி தவறியிருக்கிறான், இப்படியே போனால் எத்தனை வாரத்தில் முடியும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு என்னங்க தெரியும்? நீங்க பாத்துச் செய்ங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இட்லிக்கு மாவு கரைக்கப் போனாள்.

இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "சொல்லியிருக்கலாமே யூனிஸ், உன் பிழைப்பும்தானே அதில் இருக்கு" என்றேன். "இருக்கு" என்றாள்.

ஏழு வாரத்தில் முடிந்தது. மாடி வாடகை வட்டிக்கே போதவில்லை. இப்போது யூனிஸின் சம்பளம் வந்த அன்றே பேங்குக்குப் போய்விடுகிறது. தெருவில் ஜாபேஸை யாரும் புத்தி கெட்டவன் என்று சொல்லவில்லை. பாவம், நேரம் சரியில்லை என்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று யூனிஸ் சனிக்கிழமைகளிலும் டியூஷன் எடுக்கிறாள், மாடிப்படியில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து.