சூசையண்ணை கட்டாத முடிச்சு

செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது பிரெடெரிசியா நகரிலிருந்து தொலைபேசி வந்தது. சூசையண்ணையின் மனைவி ஸ்ரெல்லா. "அண்ணை, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றாள். அழுகைக்கு நடுவிலேயே, "சனிக்கிழமை கோயிலிலை அடக்கப் பூசையிலை நீங்கள்தான் கதைக்கோணும். அந்தக் குதிரைக் கதையைச் சொல்லுங்கோ, சனம் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

குதிரைக் கதை உங்களுக்குத் தெரியும். மன்னாரில் கழுதைகளோடு வளர்ந்த சூசைக்கு, டென்மார்க்கில் ஒரு குதிரையில் பொதி கட்டத் தெரியாமல், அது சேற்றில் விழுந்து செத்தது என்ற கதை. இங்கே ரண்டர்ஸ் நகரில் எந்தக் கலியாண வீட்டிலும் சாப்பாடு முடிந்ததும் யாராவது அதை எடுப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் எடுத்திருக்கிறேன். அந்தக் கதை பொய்.

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலம். ஓல்போர்க்குக்குத் தெற்கே, சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், அகதிகளாக வந்த நானும் அவரும் ஒரே அறையில் இருந்தோம். அயலில் இயன்ஸ் என்ற விவசாயி மான் வேட்டைக்குப் போவார். சதுப்புக்குள் ட்ரக்டர் இறங்காது. ஆகவே ஃப்ரேயா என்ற குட்டையான நோர்வேக் குதிரையில்தான் சாமானும் இறைச்சியும் சுமப்பது. உதவிக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருடைய தம்பி பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அங்கே ஒரு இடம் காலி. "உங்களில் நல்ல வேலைகாரனை நான் அனுப்புகிறேன்" என்று இயன்ஸ் சொல்லியிருந்தார். ஒரு இடம், இரண்டு பேர்.

எனக்கு அந்த வேலை உயிர். மனைவியும் இரண்டு வயது மகளும் யாழ்ப்பாணத்தில், குருநகரில் இருந்தார்கள். கையில் நிரந்தர வேலை இருந்தால் குடும்பத்தைக் கூப்பிடுவது லேசு என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கேயோ ஷெல் விழாத கிழமை இல்லை.

அன்று இயன்ஸ் ஒரு பெரிய கலைமானைச் சுட்டார். அதன் வாயில் ஒரு தேவதாருக் கொப்பை வைத்துத் தொப்பியைக் கழற்றினார். அது அவர்கள் வழக்கம். சூசையண்ணை என் காதுக்குள், "பாரடா, சாகிற ஆளின்ரை நாக்கிலை சாமியார் வைக்கிற மாதிரி, மானுக்கும் கடைசி நன்மை குடுக்கிறாங்கள்" என்று சொல்லிச் சிலுவை போட்டார். இரத்த வாடைக்குக் குதிரை மிரண்டு பின்வாங்கியது. மனுசன் சட்டைப்பையிலிருந்து தலையிடித் தைலத்தை எடுத்து அதன் மூக்கில் பூசினார். "மிருகத்தோடை கோவிக்கப்படாது, அதுக்குத் தெரியாத மணம் அது" என்றார். ஃப்ரேயா இரண்டு தும்மல் தும்மிவிட்டு அடங்கி நின்றது. இயன்ஸ் அவருடைய முதுகில் தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. வேலை அவருக்குத்தான் என்று நினைத்தேன்.

பொதியை ஒரு இழுவையில் அவிழும் முடிச்சால்தான் கட்டவேண்டும் என்று இயன்ஸ் செய்து காட்டியிருந்தார். எனக்கு அது விளையாட்டு முடிச்சாகத் தெரிந்தது. நான் மீன்பிடிக்கிறவனின் மகன். கட்டுமரத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். நனைய நனைய இறுகும், கடலே அவிழ்க்காது. என் திறமையையும் இயன்ஸ் பார்க்கட்டும் என்ற பெருமைதான், வேறென்ன!

இயன்ஸ் மான் தலையோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். சூசையண்ணை குதிரையைப் பிடித்து முன்னால் நடந்தார். பலகைப் பாதையின் நடுவில் ஃப்ரேயாவின் பின்கால்கள் வழுக்கிச் சேற்றுக்குள் போயின. இறைச்சிப் பொதி ஒரு பக்கம் சரிந்து அதைக் கீழே இழுத்தது. சூசையண்ணை சேற்றுக்குள் குதித்து, அதன் கழுத்துக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்தார்.

"அந்தோனி, கயித்தை இழு! ஒரே இழுவை!"

"அவிழுதில்லை அண்ணை!"

"என்ன முடிச்சடா போட்டனி?"

நனைந்த கயிறு கல்லாய் இறுகியிருந்தது. நகம் பிய்ந்து இரத்தம் வந்தது, முடிச்சு அசையவில்லை. குதிரை உதறிய ஒவ்வொரு தடவையும் சூசையண்ணை நெஞ்சளவு, பிறகு கழுத்தளவு இறங்கினார். கத்தி இயன்ஸிடம் இருந்தது. "மாதாவே, மாதாவே" என்று கத்தினேன். இயன்ஸ் ஓடிவந்து கயிற்றை வெட்டினார். பொதி விழுந்ததும் ஃப்ரேயா ஒரே துள்ளில் மேலே வந்தது. பின்கால் ஒன்று முறிந்து தொங்கியது.

இயன்ஸ் எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார். ஒரு வெடிச் சத்தம். திரும்பி வந்தவரின் முகம் நனைந்திருந்தது. வெட்டிய கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "யார் கட்டியது?" என்று கேட்டார்.

நான் பிய்ந்த நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சூசையண்ணை தன் நெஞ்சைத் தொட்டு, "நான்" என்றார்.

அறைக்கு வந்து சேறு கழுவும்போது அவர்தான் சொன்னார்: "உனக்கு அங்கை பெண்சாதி பிள்ளை இருக்கு. எனக்கு ஆர் இருக்கினம்? வாயைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போ." போனேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். அவர் பிரெடெரிசியாவுக்குப் போய் ஆஸ்பத்திரியில் தரை கூட்டும் வேலை செய்தார். பிறகு கலியாணம் செய்தார், மூன்று பிள்ளைகள். யார் அந்தக் கதையை எடுத்தாலும் முதலில் சிரிப்பவர் அவர். ஒரு நாளாவது என்னை ஒரு பார்வை பார்த்திருக்கலாமே, பாவி மனுசன்!

நேற்று ஸ்ரெல்லாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் தெரியாதாம்.

"அவர் பிள்ளையளுக்குச் சப்பாத்து நாடா கட்டிவிடேக்கை, 'அப்பா, உங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியாது' எண்டு அதுகள் காலைப் பின்னாலை இழுக்குங்கள், அண்ணை. அவர் அம்மாட்டைப் போங்கோ எண்டு சிரிச்சுக்கொண்டு விடுவார்" என்றாள். பிறகு குரல் மாறியது. "சனிக்கிழமை பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. தமிழிலை வேண்டாம். டெனிஷிலை சொல்லுங்கோ, அவையளுக்கு வடிவா விளங்கோணும்."

என் மனைவியும் மகளும் உயிரோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். சூசையண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அவருடைய நல்ல பெயரை இவ்வளவு காலமும் நான் வைத்திருந்தது களவு. சனிக்கிழமை, உங்கள் எல்லோர் முன்னாலும், அதை அவருடைய பிள்ளைகளின் கையில் கொடுக்கிறேன்.