லாபு சாலையில் தமிழ்ச் சுருக்கெழுத்து

காலை ஏழரைக்குச் சிரம்பான் பக்கத்து ராசாவிலிருந்து கிளம்பினோம். நானும் என் மனைவி சரோஜாவும் அங்கே வகுப்பு வைத்துத் தமிழ்ச் சுருக்கெழுத்து கற்பிப்பவர்கள். லாபு பக்கத்து ரப்பர் தோட்ட அலுவலகம் ஒன்றில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எங்களுக்கு ஒரே துடிப்பு. காருக்கு வாடகை ஐந்து வெள்ளி. மலாயாவில் அவசரகாலம்; காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோகக் கூடாது என்றார் ஓட்டுநர் காதர் பாய். வெறும் பாட நோட்டுகளோடு ஏறினோம்.

வினை அந்த நோட்டுகளில்தான் இருந்தது. ஐந்தாவது மைலில் போலீஸ் தடை. முனியாண்டி என்ற தமிழ்ப் போலீஸ்காரர் ஒரு நோட்டைப் புரட்டினார்.

"என்னா சார் இது, மண்புழு நெளிஞ்ச மாதிரி? காட்டுல இருக்கறவனுங்களுக்கு ரகசிய எழுத்தா?"

"தமிழ்தாங்க. பேசுற வேகத்துக்கே எழுதலாம்."

மலாய்க்கார சார்ஜன் நம்பவில்லை. சரோஜாவைக் காது கேட்காத தூரத்தில் நிறுத்தினார். முனியாண்டி சொல்வதை நான் எழுத வேண்டும், அவள் வந்து படிக்க வேண்டும், நான் அதை மலாயில் சொல்ல வேண்டும். தவறினால் இருவரும் சிரம்பான் லாக்கப்பில்.

யாராலும் இதைப் படிக்க முடியாது என்ற தைரியத்தில் முனியாண்டி மடமடவென்று கொட்டினார். எழுதி முடித்தேன். சரோஜா வந்து தடங்கலின்றிப் படித்தாள்:

"எனக்கு மூணாவது புள்ள பொறந்து ஒம்பது நாளாச்சு. இன்னும் மொகத்தப் பாக்கல. லீவு கேக்கலாம்னா இந்த சார்ஜன் மூஞ்சியப் பாத்தாலே பயமா இருக்குலா."

முனியாண்டி வெளிறிப்போனார். "சார், கடைசி வரி வேணாம் சார்..." என்று முணுமுணுத்தார். சார்ஜன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'சார்ஜன்' என்ற சொல் அவர் காதிலும் விழுந்திருந்தது; மறைத்தால் அகப்பட்டுக்கொள்வேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சார்ஜன் முனியாண்டியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஆணா பெண்ணா என்று முனியாண்டியிடம் விசாரித்து, இன்றைக்கே வீட்டுக்குப் போகச் சொன்னார். நோட்டுகள் எங்கள் கைக்கு வந்தன.

ஒன்பது மணிக்குத் தோட்டம். தலைமைக் குமாஸ்தாவான ஐம்பது வயதுப் பெரிய கிராணி அலுவலக வாசலிலேயே மறித்தார். "தொர இங்கிலீஷ்ல பேசுறாரு, நாங்க தமிழ்ல சொல்றோம். இது எதுக்குலா?"

குறை சொல்ல வந்து காத்திருந்த பால்மரத் தொழிலாளி அஞ்சலையைப் பேசச் சொன்னேன். அவர் படபடவென்று பேசியதைச் சரோஜா எழுதி வாசித்தாள்.

"யாத்தே! ஒரு சொல்லு கொறையல. கிராணியார் எழுதுனா பாதிதான் இருக்கும்!" என்றார் அஞ்சலை. அலுவலகமே சிரித்தது. கிராணியும் சிரித்துவிட்டார். வாரம் ஒரு வகுப்பு, கிராணி உட்பட நான்கு பேருக்கு, என்று முடிவானது. முதல் பாடத்தை அப்போதே தொடங்கினோம்.

ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டுமே என்று மூன்று மணிக்குக் கிளம்பினோம். கார் நகரும்போது பெரிய கிராணி ஒரு காகிதத்தோடு ஓடி வந்தார்.

"நானாவே எழுதுனேன். என்னான்னு படிங்க பாப்போம்!"

கோடு கோணல்தான். சரோஜா பார்த்த கணமே "ரப்பர்" என்றாள்.

மனிதர் புழுதியில் ஒரு குதி குதித்தார். ராசா வகுப்பில் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் படித்துப் போயிருக்கிறார்கள். இப்படி யாரும் குதித்ததில்லை.