ஒரு கன்னம் உப்பவில்லை

ஒரு மனிதனின் முகத்தைச் சலூன்காரன் அளவுக்குக் கிட்டத்தில் பார்ப்பவர் யாருமில்லை என்பது சவரக் கத்தி பிடித்த உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்.

கேட்காத குரல்

மண்டபம் ஸ்டேஷன் பக்கத்தில் மாமாவின் சலூனில் சேர்ந்த புதிது. கன்னம் ஒட்டியவர்களைக் காற்றை அடக்கி உப்பச் சொன்னால்தான் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். நான் சொல்வதோ எனக்கே கேட்காது. ரயில்வே தண்டவாள கேங்கில் வேலை பார்த்த கருப்பையா அண்ணன் ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னார்: "கத்தி படுறது தெரியுது தம்பி, நீ பேசுறதுதான் தெரியல."

மூன்று நாள் எண்ணெய்

அதே அண்ணன் ஒரு காலையில் சலூனில் டீ குடிக்கும்போது கடைவாயில் வழிந்தது. துண்டு கையிலிருந்து நழுவியது. வாயுவாக இருக்கும் என்றார் மாமா. நானும் தலையாட்டினேன். வீட்டில் பூண்டெண்ணெய் காய்ச்சித் தேய்த்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள்தான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது; கை விளங்கவில்லை. பார்க்கப் போன எங்களிடம் டாக்டர் சொன்னார்: "வாய் கோணுனாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறுனாலோ அப்பவே தூக்கிட்டு வாங்க. எண்ணெய் எங்கயும் ஓடிப்போகாது."

பாதிச் சவரம்

அதற்குப் பிறகு ஒருநாள் சாயல்குடிக் கருப்பட்டி வியாபாரி முத்திருளாண்டி ஐயா சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். இடது பக்கம் முடித்து, வலது கன்னத்தை உப்பச் சொன்னேன். காற்று நிற்காமல் புஸ்ஸென்று போய், சோப்பு நுரை என் சட்டையில் தெறித்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். வலது கை கீழே வந்துவிட்டது. ஊர் பேரைக் கேட்டால் நாக்கு புரளவில்லை.

யாரோ சோடா உடைத்து நீட்டினார்கள். புரை ஏறிவிடும் என்று தட்டிவிட்டேன். மாமாவோ கத்தியை வாங்கிக்கொண்டு மிச்சத்தை முடிக்கப் போனார். பாதிச் சவரத்தில் ஆளை எழுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முடித்து அனுப்பினால் ஆள் இருக்க மாட்டார் என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. எதிரே கருவாடு ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் சொந்தக்காரர் மரைக்காயர், என்ன ஏதென்று கேட்கவே இல்லை. நாலு மூட்டையைக் கீழே தள்ளச் சொன்னார்: "கருவாடு நாளைக்கும் போகும். ஆளை ஏத்துங்கப்பா."

முதல் பேச்சு

ராமநாதபுரம் வரை வழி நெடுக அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவருக்குப் பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் போனபோது அவர் சம்சாரம் வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னது இது: "கஞ்சியில உப்பில்லைன்னு என்னையத் திட்டிப்புட்டாரு தம்பி. ஒரு வார்த்தை குழறல."

நம் தொழிலில் கைராசிக்காரன் என்று பேரெடுக்க வருஷக்கணக்காகும் என்பார்கள். எனக்கு அது ஒரு மனிதர் தன் பெண்டாட்டியைத் திருத்தமாகத் திட்டியதில் கிடைத்துவிட்டது.