காலுக்குள் ஒரு அந்துப்பூச்சி

எட்டு வயதில், என் வலது காலிலிருந்து ஒரு பூச்சி பறந்து போகப்போகிறது என்று நான் உறுதியாக நம்பினேன். ஆதாரம் இல்லாமல் இல்லை. அருமனையில் எங்கள் கிணற்றடி எலுமிச்சையின் தளிர்களில் வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். இலைத்தோலுக்கு அடியில் ஒரு பொடிப் புழு தின்றுகொண்டே போன வழி அது. அதில் ஒரு கொப்பை ஒடித்து, ஊறுகாய்க் குப்பியில் தண்ணீர் விட்டு, மூடி வைத்தேன். இலையோரத்தை எட்டியதும் புழு விளிம்பைத் தன்மேல் மடித்துப் போர்த்திக்கொண்டது. சில நாளில், சிறகு நுனியில் கரும்புள்ளியோடு, இமைமுடி அளவில் ஒரு வெள்ளை அந்துப்பூச்சி குப்பிக்குள் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஆறும் முன்பே என் குதிகாலில் அதே கோடு. இது சிவப்பு. அரிப்பு உயிரை வாங்கியது. இரவில் கோட்டின் நுனியில் பேனாவால் புள்ளி வைப்பேன். காலையில் அது புள்ளியைத் தாண்டியிருக்கும். பாதத்தின் ஓரத்தை நோக்கித்தான் போனது. ஓரத்தை எட்டினால் கால் மடங்கிவிடும் என்று நடுங்கினேன். அப்பா குவைத்தில். அம்மாவோ கொஞ்ச நாளாகவே கூப்பிட்டாலும் காதில் விழாதவளாக இருந்தாள். அவளிடம் சொல்ல மனம் வராமல், உறக்கத்திலும் சாக்ஸைக் கழற்றாமல் கிடந்தேன்.

ஒருநாள் இரவு அம்மா பார்த்துவிட்டாள். "ஏட்டி, கட்டில்ல எதுக்கு சாக்ஸ்? காலக் காட்டு."

காட்டினேன்.

"ஏன் மக்ளே சொல்லல்ல?"

"நீ பயப்படுவியேன்னுதான்."

"சொல்லாம வச்சிருந்தா சரியாவுமா?" என்று அதட்டியவள், சட்டென்று முந்தானையை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையிலேயே மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினோம்.

வீட்டு வேலைக்கு இறக்கிய மணலில் பூனை அசிங்கம் பண்ணியிருக்கும், அதில் வெறுங்காலோடு விளையாடியதால் ஏறிய புழு, மாத்திரையில் போய்விடும் என்றார் டாக்டரம்மா.

"பறக்குமா?" என்றேன்.

"பறக்காது. வழிதவறி வந்தது அது."

பிறகு அம்மா என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் திறக்கவில்லை. எனக்குத் தெரியாமல் காலை வெட்டத்தான் பேசுகிறார்கள் என்று, காலை மடக்கிப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அப்பாவை போனில் கூப்பிட்ட அம்மா, பேச முடியாமல் அழுதாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா, அது பறக்காதாம்."

அம்மா அழுகையோடே சிரித்து என்னை இறுக்கிக்கொண்டாள். மாதக்கணக்காக அவள் யாரிடமும் சொல்லாமல் மார்பில் வைத்திருந்த கட்டியைப் பற்றி, அறுவை முடிந்து அவள் தேறி வெகுகாலம் கழித்தே எனக்குச் சொன்னார்கள்.