கழுவிவிட்ட கிரேவி

சமையற்கட்டு உத்தியோகத்தில் ருசி பார்க்கத் தெரியாதவனுக்கு ஒரு கஷ்டம் என்றால், ருசி பார்க்கக் கூடாதவனுக்கு இரண்டு கஷ்டம். வாயில் வைக்காத பண்டத்துக்கு ஜவாப்தாரியாக இருந்து அவஸ்தைப்பட்டவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரங்கூனில் ஓர் அரிசி மில் கம்பெனியில் இருபது வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினேன். தமிழும் இங்கிலீஷும் படித்தவன் என்று திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் ரயில்வே துரைமார்களின் கிளப்பில் மானேஜர் வேலை கொடுத்தார்கள். சாமான் ஜாபிதா எழுத வேண்டும். பாத்திரங்கள் சுத்தமா என்று பார்க்க வேண்டும். இங்கிலீஷ் சமையல் புஸ்தகத்தை வாசித்துக் குசினிக்காரருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். 'ரயில்வேயில் உத்தியோகம்' என்பதற்கு மேல் என் மனைவி அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை.

இல்லாதபோது தெரியும்

குசினிக்காரர் பாலக்கரை அந்தோணி. என் வயதுதான், அந்த அடுப்படியில் பதினைந்து வருஷ சர்வீஸ். கறி வைத்தால் துரைமார் தட்டை வழிப்பார்கள். ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு வான்கோழியோடு அவர் முதல்முறையாகச் செய்த கிரேவி கட்டி தட்டிப்போய், கரண்டியிலிருந்து கீழே விழ மறுத்ததாம். இந்த வருஷமும் அப்படியானால் தை மாதம் மதராஸிலிருந்து வேறு ஆள் வருவான் என்று செகரட்டரி துரை சொல்லிவிட்டார். அந்தோணி சிரித்துக்கொண்டேதான் அதை என்னிடம் சொன்னார். ஆனால் சொல்லும்போது அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

கிரேவி என்பது என்ன என்று துரையிடமே போய்க் கேட்டேன். சூப்பா என்றேன். இல்லையாம். சாஸா? அதுவும் இல்லையாம். அப்படியானால் கறியில் மிளகாய் போடாத மாதிரியா என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. சுருட்டைக் கீழே வைத்தார். கடைசியில் சொன்னார்: "மிஸ்டர் ஐயங்கார், அது மேஜையில் இல்லாதபோதுதான் அது என்னவென்று தெரியும்."

வீட்டில் ஓர் ஆலோசனை

காவிரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குள் நுழைவது வழக்கம். அன்று ஈரவேஷ்டியோடு நின்றபடியே மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். வான்கோழி என்ற வார்த்தையை எடுத்துவிட்டுச் சொன்னேன். அவளும் எடுத்துவிட்டே கேட்டுக்கொண்டாள். அது சாத்தமுது மாதிரி நீர்க்க இருக்குமா, குழம்பு மாதிரி கெட்டியா என்றாள். இரண்டுக்கும் நடுவில் என்றேன். புளி உண்டா? கிடையாது. பருப்பு? கிடையாது. எதோடு பிசைந்து சாப்பிடுவார்கள்? பிசைய மாட்டார்கள், மேலே ஊற்றிக் கத்தியால் நறுக்குவார்கள் என்றேன்.

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "ஏன்னா, சாதமே இல்லாத எலைக்குக் குழம்பு எதுக்கு?"

ஒத்திகை

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சாதாரணக் கோழியை வைத்துச் செய்து பார்த்தோம். அதை அந்தோணி ஒரு கனத்த சட்டியிலேயே வறுத்து, பிறகு அதே சட்டியில், அடியில் ஒட்டிய சாற்றின் மேலேயே மாவைப் போட்டார். நான் வாசற்படிக்கு வெளியே, புகை எட்டாத தூரத்தில் நின்று புஸ்தகத்தை வாசித்தேன். மாவு விழுந்ததும் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. உப்புமாவுக்கு ரவையை வறுத்துக்கொண்டால் கட்டி தட்டாது என்பது ஞாபகம் வந்தது. மைதாவைச் சிவக்க வறுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுபடி செய்தார். வழவழவென்று வந்தது.

புஸ்தகத்தில் இருப்பது எனக்குத் தெரியும், ருசி தெரியாது. அவருக்கு ருசி தெரியும், துரைமாருக்கு எந்த ருசி வேண்டும் என்பது தெரியாது. அந்தோணி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, கண்ணை மூடித் திறந்தார். "உப்பு சரியா இருக்கு, சாமி. மத்ததெல்லாம் சரியான்னு இவங்க பாட்டன் பூட்டனைத்தான் கேக்கணும்."

பளபளப்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். காலியான பாத்திரம் ஒரு நிமிஷம்கூட அடுப்படியில் கிடக்கக் கூடாது. உடனே குழாயடிக்குப் போக வேண்டும். பத்து, எச்சில் என்றெல்லாம் தீட்டுப் பார்த்து வளர்ந்த கை. அதற்கு வேறு நியாயம் தெரியாது.

கிறிஸ்துமஸ் அன்று பகல் விருந்து. வான்கோழி பெரிய தகர டிரேயில் வெந்து, பொன்னிறமாக வெளியே வந்தது. அதை வெள்ளித்தட்டில் தூக்கி வைத்துத் துரையிடம் காட்டிவர அந்தோணி எடுத்துக்கொண்டு போனார். நான் எட்டிப் பார்த்தேன். டிரேயின் அடியில் கறுப்பும் பழுப்புமாக ஏதோ பிசுக்கு ஒட்டிக்கிடந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. பாத்திரம் தேய்க்கும் மருதாயியைக் கூப்பிட்டேன். அவள் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு, என் முகம் தெரியும்படி தேய்த்துக் கொண்டுவந்து வைத்தாள். 'அடியில் ஒட்டியிருப்பதை விட்டுவைக்க வேண்டும்' என்று அந்தோணிக்கு நான்தான் வாசித்துச் சொன்னவன். அழுக்கைக் கண்ட கை புஸ்தகத்தைக் கேட்கவில்லை.

அந்தோணி வான்கோழியோடு திரும்பி வந்தார். டிரேயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "சாமி, நீங்க கழுவச் சொன்னீங்களே, அதுதான் கிரேவி."

வாக்குமூலம்

உள்ளே சூப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் இருந்தது. வான்கோழியின் கழுத்தும் ஈரலும் வேகவைத்த தண்ணீர் அடுப்பில் இருந்தது. அந்தோணி வெங்காயத்தைக் கருகும் வரை வதக்கி, அதில் வெண்ணெயும் வறுத்த மாவும் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றினார். வெள்ளித்தட்டில் வான்கோழி விட்டிருந்த சாற்றைச் சாய்த்துச் சேர்த்தார். நிறம் போதவில்லை என்று கொஞ்சம் வெல்லத்தைக் கருக்கி விட்டார். புஸ்தகத்தில் வெல்லம் கிடையாது.

நான் சாப்பாட்டு அறை வாசலுக்குப் போய்த் துரையை வெளியே அழைத்தேன். டிரேயைக் கழுவச் சொன்னது நான், கிரேவி கெட்டால் அனுப்ப வேண்டியது என்னை, அந்தோணியை அல்ல என்று சொன்னேன். என் இங்கிலீஷ் அன்று தடுமாறியதா, அவர் கவனம் உள்ளே இருந்ததா, தெரியவில்லை. குழம்பிப்போய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழுவினீர்களா? நல்லது. சுத்தம் மிகவும் அவசியம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறு வருஷத்து உத்தரவு

கிரேவிக் கிண்ணங்கள் இரண்டும் காலியாகத் திரும்பி வந்தன. நன்றாக இருந்ததா, ஒன்றுமில்லாததற்கு அதுவாவது என்று ஊற்றிக்கொண்டார்களா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மதராஸ் ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை. தை பிறந்தது, மாசியும் வந்தது. அந்தோணி அதே அடுப்பில்தான் இருந்தார். நான் அதே வாசற்படியில்தான் நின்றேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிளப்பின் உத்தரவுப் புஸ்தகத்தில் துரை ஒரு வரி எழுதி அனுப்பினார். அதை அந்தோணிக்குத் தமிழில் வாசித்துச் சொல்வது என் கடமையாயிற்றே. சொன்னேன்: "போன வருஷம் செய்தது போலவே, கிரேவிக்கு முன் டிரேயை நன்றாகக் கழுவிவிடவும்."

உண்டவருக்கு அது எப்படி வந்தது என்று தெரியாமலும், செய்தவருக்கு அது கிரேவிதானா என்று தெரியாமலும், எனக்கு இரண்டுமே தெரியாமலும் போனதால்தான் எங்கள் இருவர் உத்தியோகமும் நிலைத்தது என்பது என் முடிவு.